மஞ்சள் கோடு போட்ட ஹோஸ்

எமில் குசாரின் பட்டறையிலிருந்து வெளியே வரும் பழைய கார் புத்தம் புதுசாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. தொழிற்சாலை அன்றைக்கு அதை என்ன லட்சணத்தில் வெளியே தள்ளியதோ, அதே லட்சணத்தில் இருக்கும். இந்த வித்தியாசம் புரியாத ஆட்களிடம் எமில் பேச்சே வைத்துக்கொள்ள மாட்டார்.

மற்ற பட்டறைக்காரர்கள் பழைய காரைக் கண்ணாடி போலத் தேய்த்துத் தள்ளுவார்கள். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் எவன் அப்படித் தேய்த்தான்? சங்கு எப்போது ஊதும், எதிர்க்கடையில் எப்போது பியரைத் திறக்கலாம் என்று நின்றவன் அடித்த பெயின்ட் அது. கதவு இடுக்கில் வழிந்துதான் இருக்கும். எமில் அந்த வழிசலை அதே இடத்தில், அதே நீளத்துக்கு வழிய விடுவார். தொழிற்சாலையில் சோதனை பார்த்தவன் அடையாளத்துக்கு எஞ்சினுக்குப் பின்னால் நீலச் சாக்கட்டியால் கிறுக்கியிருப்பான்; பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு அதே கோணலில் கிறுக்குவார். கோணல் சரியாக விழவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடியும். அறுபத்தெட்டு வயசு மனுஷன் மண்டிபோட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, எவனோ அவசரத்தில் போட்ட கிறுக்கலைப் பார்த்துப் பார்த்துப் போடுவார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் பென்சில்வேனியாவில் ஏராளம், ஒஹாயோவிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் எமில்தான் ராஜா.

ராஜாவுக்கு ஒரே ஒரு குறை. வருஷா வருஷம் செப்டம்பரில், மலைமேல் இருக்கும் திருவிழா மைதானத்தில் கார் கண்காட்சி நடக்கும். ஆயிரம் புள்ளிக்கு மார்க் போடுவார்கள். எமில் கொண்டுபோன இரண்டு கார்களும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டன. இரண்டு தடவையும் அந்த ஒரு புள்ளியைப் பிடுங்கியவர் ஓரின் பெல்க்கி என்ற நடுவர். காரணமும் ஒன்றேதான், பிரேக் ஹோஸ். சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெயைக் கொண்டுபோகும் முழ நீள ரப்பர் குழாய். தொழிற்சாலைக் காலத்து ஹோஸில் ஒரு மஞ்சள் கோடு ஓடும், செய்த மாசமும் வருஷமும் அச்சடித்திருக்கும். எமில் போட்டிருந்தது இந்தக் காலத்துப் புது ஹோஸ். அதில் கோடு இல்லை.

அன்றிலிருந்து பெல்க்கி அவரை எங்கே பார்த்தாலும், "என்ன மூணு ஒம்போது, சௌக்கியமா?" என்பார். தீயணைப்பு நிலையத்தில் நிதி திரட்ட வெள்ளிக்கிழமை போடும் மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கும்போதும் அதே கேள்விதான். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எமிலும் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்தால் அந்த மீன் செரிக்காது.

இந்த முறை பட்டறையில் நின்றது அறுபத்தாறாம் வருஷத்து ஹால்ஸ்டன். இரண்டு கதவு, கருஞ்சிவப்பு, மூடியைத் திறந்தால் பட்டறையையே அதிர வைக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின். அது எமிலின் தங்கை லொரெய்னின் புருஷன் டோம் ஃபெராண்டியின் கார். இரும்பாலையின் கரிச் சூளையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டோம் வாங்கியது. அதே திருவிழா மைதானத்திலிருந்து லொரெய்னை முதல்முதலாகப் பக்கத்தில் உட்கார வைத்து, மலைச் சாலையில் இறங்கி, ஆற்றோரத்திலிருந்த அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். அண்ணன்காரன் வாசலில் நின்று முறைத்தார். பிறகு காரின் மூடியைத் திறந்து பார்த்தவர், முறைப்பதை மறந்து போனார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த மச்சான் மாப்பிள்ளை உறவு.

டோமுக்கும் லொரெய்னுக்கும் குழந்தை குட்டி இல்லை. கார் கொட்டகையில் கிடந்து துருப்பிடித்தது. சூளைப் புகை டோமின் நுரையீரலைத் தின்று தீர்த்தது. இப்போது மூக்கில் குழாய், கூடவே நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போக ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். எமில் அந்தக் காரைப் பட்டறைக்குள் ஏற்றி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஜூலையில் ஒரு நாள் புருஷனும் பெண்டாட்டியும் பட்டறைக்கு வந்தார்கள்.

"என்ன மச்சான், கார் முடிஞ்சுதா? இல்ல, என்னை இதுலயே வச்சுப் புதைச்சிடலாம்னு பாக்குறியா?" என்றார் டோம். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு சாமான் வரணும் மாப்ள."

"ஆறு வருஷமா ஒரே ஒரு சாமான்தான் வரணும்."

லொரெய்னுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கார் ஓடுதா ஓடலையா?"

"ஓடுது. ஓடுறதா பிரச்சனை?"

"பின்ன என்ன? இந்தக் குளிர்காலம் தாண்டாதுன்னு டாக்டர் என்கிட்டச் சொல்லிட்டாரு. இவர் முன்னாடியே சொல்றேன், இவருக்கும் தெரியும். மேலேருந்து வீடு வரைக்கும் ஒரு தடவ ஓட்டணும்னு கேக்குறாரு. வேற எதுவுமே இவர் கேக்கல. நீ என்னடான்னா சாக்கட்டிய வச்சுக்கிட்டுப் படம் போட்டுட்டு இருக்க."

எமில் தலையைக் குனிந்துகொண்டார். தங்கைக்கு மட்டும்தான் அவரை இப்படித் திட்ட உரிமை உண்டு. அம்மா செத்த பிறகு அவரை வைது வளர்த்ததே அவள்தான், நாலு வயசு சின்னவளாக இருந்தும்.

"கண்காட்சி முடியட்டும்," என்றார். "மார்க் போட்ட உடனே அங்கயே சாவி மாப்ள கையில. ரெண்டு பேரும் மலையேருந்து இறங்கி வீட்டுக்குப் போங்க. சத்தியமா."

"பக்கத்துல இவ உக்காரணும்," என்றார் டோம். "அன்னிக்கு மாதிரி."

"என் இடுப்பு அன்னிக்கு மாதிரியா இருக்கு? சீட்டு தாங்குமான்னு அண்ணன்கிட்டக் கேளுங்க," என்றாள் லொரெய்ன். டோம் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அவள் சிலிண்டரின் திருகைக் கூட்டி வைத்து, அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

எமில் சொன்ன அந்த ஒரு சாமான் ஆகஸ்டில் வந்தது. ஒஹாயோ பக்கம் ஒரு பழைய சாமான் சந்தையில், எவனோ ஒரு கிழவனின் மேஜைக்கு அடியில், பிரிக்காத அட்டைப் பெட்டியில் கிடந்தது. அறுபத்தாறு மார்ச் என்று அச்சடித்த மூன்று பிரேக் ஹோஸ்கள்; முன்னால் இரண்டு, பின் சக்கரங்களுக்குச் சேர்த்து ஒன்று. மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. எந்தக் காரிலும் ஏறாதவை. திரும்பி வரும் வழியெல்லாம் எமில் பெட்டியைப் பக்கத்துச் சீட்டில் வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரப்பர் காரில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதற்கு வயசாகும். நாற்பத்தைந்து வருஷம் பெட்டிக்குள் தூங்கிய ரப்பர் வெளியே பார்க்க ராஜா மாதிரி இருக்கும், உள்ளே மட்கிப் போயிருக்கும். அதுவும் அந்த வருஷத்துக் காரில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே பாதை. எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு பிரேக்கும் போச்சு. இது எமிலுக்குத் தெரியாதா? அவரிடம் கேட்டுத்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

தெரிந்தும் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பழைய ஹோஸைக் கண்காட்சிக்கு மட்டும் மாட்டுவார்கள். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், மைதானத்துக்குள் நடை வேகத்தில் ஓட்டி, மார்க் வாங்கி, மறுபடி டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து புது ஹோஸை மாட்டிவிடுவார்கள். இது ஏமாற்று வேலை என்று யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாணத்துக்குப் போடும் இறுக்கமான ஷூவை வீட்டுக்கு வந்ததும் கழற்றுகிற மாதிரி.

எமிலும் அப்படித்தான் கணக்குப் போட்டார். மார்க் வாங்கியதும் மைதானத்துக்குப் பின்பக்கம் டிரெய்லர்கள் நிற்கும் இடத்துக்குக் காரைத் தள்ளிப் போய், ஹோஸை மாற்றிவிட்டு, பிறகு சாவியை டோம் கையில் கொடுப்பது. புது ஹோஸ் மூன்றும், ஸ்பேனர்களும், பிரேக் எண்ணெய் டின்னும் பிக்கப் வண்டியின் பெட்டியில் ஏறின. எண்ணெய் சிந்தினால் துடைக்கத் துணிகூட எடுத்து வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் எதையும் மறக்கவில்லை.

கண்காட்சி அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஹால்ஸ்டனைச் சுற்றிக் காலையிலிருந்தே கூட்டம். கதவு இடுக்கின் பெயின்ட் வழிசலை ஆளாளுக்குக் குனிந்து பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். பெல்க்கி நிதானமாக வந்தார். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் கையில். மற்றதையெல்லாம் பார்த்து முடித்துக் கடைசியில் தரையில் படுத்து முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச்சை அடித்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு பெல்க்கி எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். கண்காட்சியின் விதி அது. ஓடாத காருக்கு அங்கே மார்க் கிடையாது.

"இந்த வண்டி இப்படியே, எதையும் மாத்தாம, ரோட்டுல போகுமா?"

"போகும்," என்றார் எமில்.

ஒலிபெருக்கியில் ஆயிரம் என்று சொன்னார்கள். அந்த மைதானத்தில் அதுவரை யாரும் கேட்காத எண். ஆட்கள் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். பெல்க்கி அவர் தோளில் கை போட்டு, "இனிமே உன்னை என்ன சொல்லிக் கூப்புடுறது? எனக்கு ஒரு வேலை போச்சே," என்றார். வெண்கலப் பட்டயத்தைக் கையில் வாங்கும்போது எமிலின் கண் கலங்கியது. அவர் பெண்டாட்டி விட்டுப் போன அன்றைக்குக்கூட அழாத மனுஷன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டோம் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, முடியைப் படிய வாரியிருந்தார். லொரெய்ன் ஒரு கையில் சிலிண்டரும் மறு கையில் கைப்பையுமாகப் பின்னால் வந்தாள். உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். எமில் அவளை அப்படிப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

"சாவி," என்று கையை நீட்டினார் டோம்.

"கொஞ்சம் இரு மாப்ள. பின்னாடி கொண்டுபோய் ஒரு தடவ பாத்துட்டுத் தர்றேன்."

"என்னத்தப் பாக்கப் போற? ஆயிரம் போட்டாச்சு. அதுக்கு மேல என்ன இருக்கு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உன்னால விட முடியலடா மச்சான். அதான் விஷயம்."

"குடுத்துடு எமில்," என்று யாரோ கத்தினார்கள். "அவர் கார் அவர்கிட்டப் போகட்டும்." பெல்க்கி பக்கத்திலேயே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எமில் சொல்லியிருக்கலாம். மாப்ள, ஹோஸ் பழசு, மாத்திட்டுத் தர்றேன் என்று ஒரே வரி. சொன்ன மறு நிமிஷம் ஆயிரம் போய்விடும். போனால் போகிறது என்று விடக்கூடிய ஆளா அவர்? கையில் பட்டயம் கனத்தது. காலையில் நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தோம், பெடல் கல்லு மாதிரி நின்றதே என்று நினைத்தார். கீழே வரை இரண்டே மைல்தானே என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவியை எடுத்து நீட்டிவிட்டது.

"மெதுவாப் போ மாப்ள. நான் பின்னாலயே வர்றேன்."

"இந்த ரோட்டுல ஓட்ட நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

லொரெய்ன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சிலிண்டரைக் காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, "பாத்தியாண்ணே, சீட்டு தாங்குது," என்றாள். எஞ்சின் உறுமியதும் கூட்டம் கைதட்டியது. அவள் சின்னப் பெண் மாதிரி கையை வெளியே விட்டு ஆட்டிக்கொண்டே போனாள்.

எமில் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு பிக்கப்பில் பின்னால் போனார். மலைச் சாலை முதலில் சாதுவாகத்தான் இறங்கும். வளைவு தாண்டியதும் சரேலென்று செங்குத்தாக விழுந்து, கீழே ஆற்றோரச் சாலையில் போய் முட்டும். அந்தச் சாலையில் சரளைக்கல் லாரிகள் நாள் முழுக்க ஓடும். வளைவு வரைக்கும் ஹால்ஸ்டன் அழகாகப் போனது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. டோம் ஒழுங்காகத்தான் ஓட்டினார்.

செங்குத்தில் இறங்கியதும் விளக்கு எரிந்தது, அணையவில்லை. கார் நிதானப்படவும் இல்லை. பிறகு விளக்கு படபடவென்று எரிந்து எரிந்து அணைந்தது. பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்கிறார் என்று எமிலுக்குப் புரிந்துவிட்டது. கைப்பிரேக்கையும் இழுத்திருக்கிறார், பின் சக்கரங்கள் கிறீச்சிட்டுப் புகைந்தன. எமில் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினார். ஹாரன் அடித்து என்ன ஆகப்போகிறது? விளக்கு கடைசிவரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

லாரி லொரெய்ன் உட்கார்ந்திருந்த பக்கம் மோதியது.

அவள் அங்கேயே போய்விட்டாள். டோம் பிழைத்தார். மூன்று விலா எலும்பும் ஒரு மணிக்கட்டும் முறிந்ததோடு சரி. குளிர்காலம் தாண்டாது என்று டாக்டர் நாள் குறித்த ஆள் பிழைத்துக்கொண்டார், அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் போனாள். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் டோம் எமிலின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நான் மிதிச்சேனா?"

"பேசாம படு மாப்ள."

"கால் கீழ போச்சு. பிரேக்கத்தான் மிதிச்சேனா, வேற எதையோ மிதிச்சேனான்னு தெரியல. என் கால்ல பலமே இல்லடா. நீ பின்னாலதான வந்த? விளக்கு எரிஞ்சுதா? அது மட்டும் சொல்லு."

எமில் ஜன்னலைப் பார்த்தார். "வெயில் மூஞ்சில அடிச்சுது," என்றார். "சரியாத் தெரியல."

மூக்கில் குழாய் வைத்த கிழவன், செங்குத்துச் சாலை, பழைய கார். போலீஸ்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பிரேக் எப்படி இருந்தது என்று எமிலிடம் கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் அதைச் சொல்ல அவரைவிட்டால் ஆள் ஏது? கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது என்றார் எமில். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

சர்ச்சில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர் ஒவ்வொருவரிடமும் டோம் ஒரே வார்த்தையைச் சொன்னார். "என் கால்தான். என் கால்தான் அவளக் கொன்னுடுச்சு." அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்று பெண்கள் அழுதார்கள். அப்புறம் கீழ்த்தளத்தில் முட்டைக்கோஸ் நூடுல்ஸும் குக்கீஸும் தின்றுகொண்டு, அந்த மனுஷன் கையில் சாவியைக் கொடுத்திருக்கவே கூடாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எமில் அதைக் கேட்டுக்கொண்டே தட்டில் இருந்ததை முழுங்கினார்.

நொறுங்கிய கார் பட்டறைக்கே திரும்பி வந்தது. வேறெங்கே போகும்? இன்சூரன்ஸ் ஆள் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்னால் எமில் கதவைச் சாத்திவிட்டு அடியில் படுத்தார். ஓட்டுநர் பக்கத்து ஹோஸ் விரல் நீளத்துக்குப் பிளந்து தொங்கியது. மஞ்சள் கோடு பிளவுக்கு இரண்டு பக்கமும் பளிச்சென்று இருந்தது. அதைக் கழற்றி, பிக்கப்பின் பெட்டியிலிருந்து புது ஹோஸ் ஒன்றை எடுத்து மாட்டினார். மேலே கொஞ்சம் மண்ணைத் தேய்த்தார். கழற்றியதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. ஏன் தெரியுமா? இந்த மாதிரி ஒன்று இனிமேல் கிடைக்காதாம். கேளுங்கள் இந்தக் கூத்தை. தங்கை மண்ணுக்குள் போயாயிற்று, இவருக்கு இன்னும் அந்த நினைப்பு போகவில்லை. துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தார்.

இன்சூரன்ஸ் ஆள் வந்தார், பார்த்தார், போனார். அவருக்கு ஹோஸ் எல்லாம் ஹோஸ்தான்.

ஆனால் அந்த வாரமே பெல்க்கி வந்தார். துக்கம் விசாரிக்கத்தான் வந்தார்; கையில் அவர் பெண்டாட்டி செய்த ஆப்பிள் பை பலகாரம் இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டுக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பழக்கதோஷம், முட்டியை மடக்கி உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்தார். எமில் தடுக்க நினைப்பதற்குள் அது முன் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

"இது அந்த ஹோஸ் இல்லையே," என்றார் பெல்க்கி.

எமில் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மஞ்சக் கோடு எங்க? அன்னிக்கு நான்தான டார்ச் அடிச்சுப் பாத்தேன்." பெல்க்கி எழுந்திருக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது கார் மோதினதுக்கு அப்புறம் மாட்டுனது."

"ஓரின்..."

"ரப்பர்ல முடி மாதிரி வெடிப்பு இருந்துச்சு எமில். அதையும் பாத்தேன். வண்டி ரோட்டுல போகுமான்னு கேட்டேன், போகும்ன. நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும். எல்லாரும் சொல்றதுதானன்னு மார்க்கப் போட்டேன். அவர்கிட்டச் சாவியக் குடுத்தப்ப நானும்தான் பக்கத்துல நின்னேன். வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?"

"போலீஸ்ல சொல்லப் போறியா?"

"எனக்குத் தெரியல." பெல்க்கி கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்ல எனக்குத் தைரியம் இருக்கான்னு தெரியல. ஆனா டோம் சர்ச்சுல அப்படிச் சொன்னத என்னால காதுல வாங்க முடியல. அந்த ஆளு சாகப் போறாரு. இத நெஞ்சுல வச்சுக்கிட்டா சாகணும்?"

அவர் போன பிறகு எமில் அந்தப் பலகாரத்தைத் தொடவில்லை. பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த பட்டயத்தைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். பிறகு இழுப்பறையைத் திறந்தார்.

டோம் வீட்டில் அடுப்பு மூட்டி நாளாகியிருந்தது. முன்னறையில், லொரெய்ன் வாங்கிப் போட்ட சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு மரப்பெட்டியைச் சுவரோடு அண்டக் கொடுத்து, அதில் வலது காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்துவது, விடுவது, மறுபடி அழுத்துவது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நெற்றி நரம்பு புடைத்தது.

"பாரு மச்சான்," என்றார். "இந்த அளவுக்கு மிதிக்க முடியுது. அன்னிக்கு ஏன் முடியல?"

எமில் எதிரே உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுது மாப்ள. நீ மிதிச்ச. விளக்கு எரிஞ்சுது. கடைசி வரைக்கும் எரிஞ்சுது. நான் பாத்தேன்."

டோமின் கால் அழுத்தியபடியே நின்றது.

எமில் துணியைப் பிரித்துப் பிளந்த ஹோஸை அவர் மடியில் வைத்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். கடைசியில் போலீஸிடமும் போய்ச் சொல்வதாகச் சொன்னார். டோம் ஹோஸை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மஞ்சள் கோட்டின் மேல் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார். சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது.

"இத மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"முக்கா மணி நேரம்."

"மைதானத்துலயேவா?"

"ம்."

"புது ஹோஸ்?"

"வண்டியிலயே இருந்துச்சு."

டோமுக்கு மூச்சு முட்டியது. திருகைக் கூட்டி வைக்க அங்கே யாரும் இல்லை. எமில் குனிந்து கை நீட்டினார். டோம் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தானே தடவித் தேடித் திருகினார். மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"சொல்லியிருந்தா அந்த முக்கா மணி நேரம் காத்துக்கிட்டு உக்காந்திருப்பேனே மச்சான்," என்றார். "அவளும் என் பக்கத்துல உக்காந்திருப்பா. ஆறு வருஷம் உக்காந்தோம்ல."